தாம்பூலம் வாங்கியவர்

எரிசக்திப் பாதுகாப்பு என்ற சொல்லை எங்கே பார்த்தாலும் எனக்கு வயிறு எரிகிறது. செய்தித்தாளில் வந்தால் அந்தப் பக்கத்தையே திருப்பிவிடுகிறேன். என் வீட்டுக்காரர் சிரிப்பார். "நீ போட்டுக்கிட்டுத் தூங்குறியே ஏசி, அது மட்டும் எதுல ஓடுதாம்?" என்று கேட்பார். நியாயமான கேள்விதான். ஆனால் என் கோபம் நியாயம் பார்த்து வருவதில்லை. அதற்கு ஒரு முகம் இருக்கிறது. எங்கள் வீட்டுத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அண்ணி வைத்த சங்கரா மீன் குழம்பை முள் முள்ளாக எடுத்து ரசித்துச் சாப்பிட்ட முகம்.

நான் பிறந்தது தேவனாம்பட்டினத்தில். கல்யாணமாகிச் சிதம்பரம் வந்து பல வருடம் ஆகிவிட்டது. இங்கே ஒரு கல்லூரியில் ஆங்கிலம் எடுக்கிறேன். அண்ணன் ஊரிலேயே இருக்கிறார், ஃபைபர் படகு ஓட்டுகிறார். அந்தப் படகு நிற்பது, வலை காய்வது, மீன் ஏலம் போவது எல்லாமே வீடுகளுக்கும் அலைக்கும் நடுவில் கிடக்கும் மணலில்தான். அந்த மணலுக்குப் பட்டா கிடையாது, ஊருக்குப் பொது. யார் படகு எந்த இடத்தில் நிற்கும் என்பது மட்டும் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அந்த மணல் போனால் படகை எங்கே கொண்டுபோய் நிறுத்துவது? மாடியிலா?

ஜப்பானில் ஃபுகுஷிமா அணு உலை வெடித்ததைத் தொலைக்காட்சியில் காட்டியபோது நான் ஊரில்தான் இருந்தேன். உலையை யாரும் பார்க்கவில்லை. எல்லாரும் பார்த்தது வீட்டுக்கூரை மேல் ஏறிக் கிடந்த படகுகளை. எங்களுக்குச் சுனாமி வந்து ஏழு வருடம்கூட ஆகவில்லை அப்போது. பார்த்துக்கொண்டே இருந்த பெண்கள் ஒவ்வொருத்தராக எழுந்து வெளியே போய்விட்டார்கள்.

எங்கள் பக்கத்தில் ஊரில் ஒரு சாவு விழுந்தால் அன்றைக்கு யாரும் தொழிலுக்குப் போவதில்லை. யார் வீட்டுச் சாவானாலும் கடல் மூடிவிடும். பஞ்சாயத்தார் கூடி, ஜப்பான் கடல்காரர்களுக்காக ஒரு நாள் தொழில் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். செத்தவர் பேர் தெரியாது, ஊர் தெரியாது. அப்படியும் ஒரு படகு இறங்கவில்லை. என் அண்ணன் என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "அவுங்களும் நம்மள மாதிரிதான புள்ள."

இந்தச் செய்தி எப்படியோ ஜப்பான் வரைக்கும் போயிருக்கிறது. இரண்டு வருடம் கழித்து அங்கிருந்து ஒரு குழு எங்கள் ஊரைப் பார்க்க வந்தது. அதில் ஒருவர் மீனவர். அண்ணன் வயதுதான் இருக்கும். அந்த உலைக்குப் பக்கத்துத் துறைமுகத்தில் படகு வைத்திருந்தவர். அவர் தன் பாஷையில் சொல்வதை அவர்களோடு வந்த ஒரு பெண் ஆங்கிலத்தில் சொல்வாள், நான் தமிழில் சொல்வேன். கல்லூரிக்கு லீவு போட்டுவிட்டு அந்த வேலையைச் செய்தேன். யாரும் கூப்பிடவில்லை, நானாகத்தான் போனேன்.

தன் கடலில் மீன் இருக்கிறது, ஆனால் பிடிக்கக் கூடாது என்று சட்டம் என்றார். அனுமதி கொடுத்துப் பிடித்தாலும், அந்த ஊர் மீன் என்று தெரிந்தால் எவரும் வாங்குவதில்லையாம். அண்ணன் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "கடல் கண்ணு முன்னாடி கெடக்கு, தொட முடியல. அது செத்தாப்லதான்" என்றார். நான் அதை ஆங்கிலத்தில் சொன்னேன். அந்தப் பெண் அதைச் சொன்னதும் அவர் அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டார். மறுநாள் விடியலில் அண்ணன் அவரைப் படகில் கூட்டிக்கொண்டு போனார். திரும்பி வந்தபோது இரண்டு பேரும் பாஷையே இல்லாமல் சிரித்துக்கொண்டு வந்தார்கள். அன்றிலிருந்து அண்ணனுக்கு அவர் மச்சான். அவரும் அந்தச் சொல்லைக் கற்றுக்கொண்டு, தெருவில் போகிற எல்லாரையும் மச்சான் மச்சான் என்று கூப்பிட்டு ஊரையே சிரிக்க வைத்தார். எங்கள் பெரியப்பாவையும் மச்சான் என்றார். பெரியப்பா மூன்று நாள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

அப்புறம் இன்னும் இரண்டு தடவை வந்தார். தன் ஊரில் அந்த உலைகளைத் திரும்பத் திறக்கவிடாமல் போராடுகிற ஆட்களில் அவர் முன்னால் நிற்பவர் என்று அந்தப் பெண் சொன்னாள். எங்களுக்குப் பெருமையாக இருந்தது. எங்கள் மச்சான் என்று நானே கல்லூரியில் சொல்லித் திரிந்தேன்.

மூன்றாவது தடவை அவர் வந்தபோது ஊரில் ஒரு கலக்கம். யாரோ முக்காலி மேல் கருவி வைத்துக் கரையை அளந்துகொண்டு போயிருந்தார்கள். கேட்டால், ஆய்வு என்று ஒரு வார்த்தைக்கு மேல் பேசவில்லை. பெரிய கப்பல் வந்து நிற்கக் கடலுக்குள் பாலம் வரப்போகிறது, வெளிநாட்டுக் கம்பெனி, ஜப்பான்காரர்கள்தான் என்று பேச்சு அடிபட்டது. அந்தச் சமயம் மச்சான் தன் நாட்டில் எரிசக்தி பற்றி யோசனை சொல்கிற ஒரு குழுவில் உறுப்பினர் ஆகியிருந்தார். பாதிக்கப்பட்டவர்கள் சார்பில் ஒருவர் வேண்டும் என்று சேர்த்துக்கொண்டார்களாம். பஞ்சாயத்தார் அவரை உட்கார வைத்து நேராகவே கேட்டார்கள். எங்கள் கரைக்கு உங்கள் பக்கத்திலிருந்து எதுவாவது வருவதாக இருந்தால் முதலில் எங்களிடம் சொல்ல வேண்டும். ஊர் வேண்டாம் என்றால் நீங்களும் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். அவர் யோசிக்கவே இல்லை. சரி என்றார்.

சரி என்றதும் தாம்பூலத் தட்டு வந்தது.

எங்கள் ஊரில் தாம்பூலம் விளையாட்டில்லை. மாசி மகத்துக்குத் தெருக்கூத்து வைக்க வேண்டும் என்றால் பஞ்சாயத்தார் தட்டில் வெற்றிலை பாக்கு வைத்துக்கொண்டு கூத்து வாத்தியாரைப் பார்க்கப் போவார்கள். அவர் அந்தத் தட்டை வாங்கிவிட்டால் முடிந்தது. அதற்கு மேல் வேறு ஊர்க்காரன் வந்து எதை நீட்டினாலும் அவர் தொட முடியாது. ஒரு வருடம் வாத்தியாரின் மச்சினர் இறந்துபோய், காரியம் முடிந்த கையோடு நேராக எங்கள் ஊருக்கு வந்து வேஷம் கட்டினார். அதை யாரும் பெரிய தியாகமாகப் பேசவில்லை. வாங்கினார், வந்தார், அவ்வளவுதான்.

தட்டை நீட்டியது என் அண்ணன். அவருக்கு மச்சான் ஆயிற்றே, நீயே கொடு என்று பஞ்சாயத்தார் சொல்லிவிட்டார்கள். கொடுப்பதற்கு முன்னால் நான் அந்தப் பெண்ணிடம் தெளிவாகச் சொன்னேன். இது அன்பளிப்பு இல்லை, இதை வாங்குவது வாக்குக் கொடுப்பது, வாங்கினால் மாற முடியாது என்றேன். அவள் அதை அவரிடம் சொன்னதையும் அவர் தலையாட்டியதையும் என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். அதனால் அவருக்குத் தெரியாது, வேறு நாட்டுக்காரர், பழக்கம் புரியவில்லை என்று எனக்கு யாரும் காதில் பூச்சுற்ற வேண்டாம். அவர் இரண்டு கையாலும் வாங்கி, இடுப்பு வரை குனிந்து கும்பிட்டார். எங்களைவிட இவர் மரியாதை தெரிந்தவராக இருக்கிறாரே என்று ஊரே உருகிப்போனது. யாரோ போனில் படம் எடுத்தார்கள்.

வெளியூரில் வக்கீலுக்குப் படித்துக்கொண்டிருந்த எங்கள் உறவுக்காரப் பெண் ஒருத்தி, எதற்கும் ஒரு காகிதத்தில் எழுதி வாங்கிக்கொள்ளலாமே என்றாள். அண்ணனுக்கு வந்ததே கோபம். "தாம்பூலம் வாங்கன மனுசன்கிட்ட எழுதிக் குடுன்னு கேக்குறதா? அப்புறம் நம்மள என்னான்னு நெனைப்பாரு?" என்று சத்தம் போட்டார். அன்றைக்கு அங்கே இருந்த எல்லாருக்கும் அண்ணன் பேசியதுதான் சரி என்று பட்டது. எனக்கும்தான்.

சில வருடம் பேச்சுமூச்சு இல்லை. மச்சானிடமிருந்து பொங்கலுக்கு வாழ்த்து வரும், அதோடு சரி. பிறகு ஒரு நாள் சிதம்பரத்தில் ஒரு கருத்தரங்கு, தமிழில் சொல்ல ஆள் வேண்டும், மீனவர்களும் வருகிறார்கள் என்று எனக்குப் போன் வந்தது. மீனவர்கள் என்றதும் ஒப்புக்கொண்டேன்.

கீழ வீதிக்குப் பக்கத்தில் ஒரு ஓட்டல் அரங்கம். உள்ளே குளிர் நடுக்கியது. மேடைக்குப் பின்னால் பெரிய பேனர், அணு விபத்துக்குப் பிந்தைய எரிசக்திப் பாதுகாப்பும் நாடுகளின் ஒத்துழைப்பும் என்று. ஊரிலிருந்து வேன் வைத்துப் பஞ்சாயத்தாரைக் கூட்டி வந்திருந்தார்கள். அண்ணனும் வந்திருந்தார், வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி. மேடையில் கோட்டுப் போட்டவர்கள் வரிசையில் மச்சான். அண்ணன் இருந்த இடத்திலிருந்தே கையை ஆட்டினார். அவர் பார்த்தார். பார்த்துவிட்டுக் கையில் இருந்த தாளைப் படிக்க ஆரம்பித்துவிட்டார்.

அவர் பேச எழுந்தார். எப்போதும் போல அந்தப் பெண் ஆங்கிலத்தில் சொல்ல, மேடை ஓரத்தில் மைக் பிடித்து நான் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். முதல் பாதி எல்லாம் நல்ல பேச்சு. விபத்துக்குப் பிறகு உலைகளை மூடினார்கள், விளக்குகளைக் குறைத்தார்கள், குளிரில் கிழவர்கள் ஒடுங்கினார்கள், ஒரு நாடு தனியாக இதைச் சமாளிக்க முடியாது என்றார். இரண்டு நாடும் சேர்ந்து எரிவாயு வாங்க வேண்டும், கரையில் தொட்டிகள் கட்டிச் சேர்த்து வைக்க வேண்டும், ஒரு நாட்டுக்குத் தட்டுப்பாடு வந்தால் இன்னொரு நாடு கொடுக்க வேண்டும். கேட்டால் யாரும் குறை சொல்ல முடியாது. நானும் மனதுக்குள் நல்ல ஏற்பாடுதானே என்றே நினைத்தேன். தொட்டி எந்தக் கரையில் என்று திரையில் வரைபடம் வரும் வரைக்கும்.

வரைபடத்தில் எங்கள் மணல் நீல நிறத்தில் இருந்தது. அதற்கு அடுத்த படம், அண்ணன் தட்டை நீட்ட மச்சான் குனிந்து வாங்கும் படம். அவர் என்னவோ சொன்னார், அந்தப் பெண் சொன்னாள், என் வாயும் பழக்கத்தில் சொல்லிவிட்டது. "இந்தக் கடற்கரை மக்கள் தங்கள் மரபுப்படி, தங்கள் சம்மதத்தைத் தட்டில் வைத்து எங்களுக்குத் தந்தார்கள்."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. அவர் கொடுத்த வாக்கை எங்கள் சம்மதமாகத் திருப்பி எங்கள் முகத்திலேயே காட்டுகிறார். அதையும் என் குரலில். மைக்கைக் கீழே இறக்கிவிட்டேன். ஏற்பாட்டுக்காரர் ஒருவர் கீழேயிருந்து, "மேடம், கன்டினியூ பண்ணுங்க" என்றார். அதற்குள் அண்ணன் எழுந்துவிட்டார்.

"மச்சான், என்னா சொல்லிட்டு அந்தத் தாம்பூலத்த வாங்கன? அத மொதல்ல சொல்லு."

நான் அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். கேள்வி அவர் காதுக்குப் போய்ச் சேர்ந்ததும் கோட்டுக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். மச்சான் தாளை மடித்து வைத்துவிட்டு மெதுவாகப் பேசினார். தன் ஊர் ஜனங்களுக்கு, அந்த உலையை இனி திறக்க விடமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன் என்றார். அதை மூடியே வைக்க வேண்டுமானால் எரிவாயு இல்லாமல் முடியாது. அந்த எரிவாயு எங்காவது வந்து இறங்கித்தான் ஆக வேண்டும்.

எங்காவது. அவர்களுக்காக ஒரு நாள் கடலை மூடி, வீட்டுக்குள் உட்கார வைத்துச் சோறு போட்ட இடம் அவருக்கு எங்காவது ஆகிவிட்டது. அந்தச் சொல்லையும் நான்தான் தமிழில் அண்ணனிடம் சொன்னேன். அண்ணன் உட்கார்ந்துவிட்டார். மத்தியானச் சாப்பாட்டுக்கு நிற்காமல் ஊர்க்காரர்கள் வேன் ஏறிவிட்டார்கள். சிதம்பரம் வந்தால் என் வீட்டுக்கு வராமல் அண்ணன் போனதே கிடையாது. அன்றைக்குப் போய்விட்டார்.

அதற்கப்புறம் வந்தது அந்த வீடியோ. கருத்தரங்கைப் படம் பிடித்திருந்த யாரோ அதிலிருந்து அரை நிமிடத்தை மட்டும் வெட்டி எடுத்து விட்டிருந்தார்கள். திரையில் தட்டுப் படம். பின்னால் என் குரல், கணீரென்று, சம்மதத்தைத் தட்டில் வைத்துத் தந்தார்கள் என்கிறது. மச்சான் குரலும் இல்லை, அந்தப் பெண் குரலும் இல்லை. அண்ணன் எழுந்து கேட்டதும் இல்லை. ஊரில் ஒவ்வொரு போனிலும் நான் எங்கள் மணலை எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அண்ணி போன் செய்தாள். "கொஞ்ச நாளைக்கு இந்தப் பக்கம் வராதம்மா. தட்டுக் குடுத்தது அண்ணன், சொன்னது தங்கச்சி, ரெண்டும் சேந்து வித்துட்டாங்கன்னு பேசிக்கிறாங்க. ஒங்கண்ணன் பஞ்சாயத்துல தலைய தூக்க முடியல."

"அண்ணனுக்குத் தெரியுமே அண்ணி. எதுக்கலயே ஒக்காந்து கேட்டுக்கிட்டுதான இருந்தாரு. அவரு சொல்ல வேண்டியதுதான?"

"சொல்லுவாரு," என்றாள் அண்ணி.

அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் நான் இரண்டு மாதம் ஓட்டினேன்.

எங்கள் ஊருக்குப் பக்கத்து முதுநகரில் ஒரு கல்யாண மண்டபத்தில் அதிகாரிகள் கருத்துக் கேட்புக் கூட்டம் வைத்தார்கள். அங்கே என்ன பேசப்படுகிறதோ அதை வைத்துத்தான் கரை யாருக்கு என்று முடிவாகும் என்றார்கள். நான் காலையிலேயே பஸ் ஏறினேன். செம்மங்குப்பம் ரசாயன ஆலைகளைத் தாண்டும்போது வழக்கம்போல எல்லாரும் நாற்றத்துக்கு ஜன்னலைச் சாத்தினார்கள். அப்போதும் நான் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். தாம்பூலம் வாங்கும்போது அவர் என்ன வாக்குக் கொடுத்தார் என்று இரண்டு பாஷையிலும் சொல்லக்கூடியவள் இந்தப் பூமியில் நான் ஒருத்திதான். அவரோடு வருகிற அந்தப் பெண் எங்களுக்காக வந்து சொல்லப் போவதில்லை. அதைச் சொல்லிவிட்டால் போதும், அந்தப் படத்துக்கு மதிப்பு இல்லாமல் போகும், மணல் தப்பும், என் பேரும் தப்பும்.

மண்டபம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் ஒரு பக்கம் பஞ்சாயத்தார், அவர்களோடு அண்ணன். இன்னொரு பக்கம் கம்பெனி ஆட்கள், அவர்களோடு மச்சான். இப்போது அவருக்குத் தமிழில் சொல்லச் சென்னையிலிருந்து வேறு யாரோ வந்திருந்தார்கள். நான் கையைத் தூக்கினேன். மைக் என்னிடம் வந்தது. வாயைத் திறப்பதற்குள் கம்பெனி பக்கத்திலிருந்து ஒருவர் எழுந்து, "சார், இவங்க சிதம்பரம். பாதிக்கப்படுற ஊர் ஆளுங்க மட்டும்னு சொன்னீங்க" என்றார்.

அதிகாரி பஞ்சாயத்தாரைப் பார்த்தார். "உங்க ஊருங்களா இவங்க?"

பஞ்சாயத்தார் அண்ணனைப் பார்த்தார்கள். அந்த வரிசை முழுவதும் அண்ணனைப் பார்த்தது. எனக்குப் பயமே இல்லை. அண்ணன் எழுந்து நின்றாலே போதும், மண்டபம் அடங்கிவிடும் என்றுதான் நினைத்தேன். அண்ணன் எழுந்தார். என் பக்கம் திரும்பவில்லை.

"எங்க வூட்டுப் பொண்ணுதாங்க. கட்டிக் குடுத்தாச்சு. ஊருக்கும் அதுக்கும் இப்ப சம்பந்தம் இல்லீங்க."

அதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. எங்கள் வழக்கப்படி கல்யாணமான பெண் புருஷன் ஊர்க்காரிதான். திருவிழா வரியும் அவள் பேரில் இல்லை, பஞ்சாயத்தில் பேச்சும் இல்லை. இத்தனை வருடத்தில் அண்ணன் அந்த வழக்கத்தை என்னிடம் ஒரு தரம்கூட எடுத்ததில்லை. அன்றைக்கு எடுத்தார், ஊருக்கு முன்னால், தன் தலை நிமிர. பஞ்சாயத்தார் ஒருவர் அவர் தோளைத் தட்டி உட்கார வைத்தார்.

"உக்காருங்கம்மா," என்றார் அதிகாரி. யாரோ என் கையிலிருந்த மைக்கை வாங்கிக்கொண்டார்கள்.

அடுத்ததாக மச்சானைப் பேசக் கூப்பிட்டார்கள். அவர் எந்த ஊர் என்று யாரும் கேட்கவில்லை. அவர் எழுந்து சபைக்குக் குனிந்து கும்பிட்டார், பேச ஆரம்பித்தார். அவரை ஒரு நாள் நான் மன்னித்துவிடக்கூடும், அவர் தன் ஊரைக் காப்பாற்றத்தான் எங்களுக்குத் துரோகம் செய்தார். என் அண்ணனும் தன் ஊருக்குள் நிற்கத்தான் அதைச் செய்தார். இரண்டு பேருக்கும் போய் நிற்க ஒரு ஊர் இருந்தது. நான் எழுந்து வெளியே வந்து, சிதம்பரம் பஸ்ஸுக்காக நின்றேன்.